பிறப்பிடச் சான்றின் பாரம்: இந்திய – இலங்கை வணிகத்தில் சுங்க நடைமுறை

அண்டை நாடுகள் தம்முள் வரிச்சலுகை ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறையும் என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. அந்தப் பொருள் உண்மையிலேயே அண்டை நாட்டில் உருவான பொருள்தானா என்பதை யார், எப்போது, எந்த ஆவணத்தைக் கொண்டு மெய்ப்பிப்பது என்ற கேள்வியோ ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒதுங்கிக்கொள்கிறது. துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டு விடுவிப்புக்குக் காத்திருக்கும் வணிகருக்கு அந்தப் பின்னிணைப்புதான் ஒப்பந்தமே. சுங்கத் துறையினர் இதனைப் பிறப்பிட விதிகள் என்கின்றனர். ஒரு பொருள் எந்த நாட்டுப் பொருளாகக் கருதப்படும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளும், அதற்கான சான்றிதழ் முறையும், சான்றிதழில் ஐயம் எழுந்தால் நடைபெறும் விசாரணையும் இதில் அடங்கும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறையில் இருக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் அனுபவம், இம்முறையின் தேவையையும் அதன் கோளாறுகளையும் ஒருசேர ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

இவ்வொப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார அளவில் இரு நாடுகளும் சமமானவை அல்ல என்பதை ஒப்பந்தமே ஏற்றுக்கொண்டது. இந்தியா மூன்று ஆண்டுகளில் வரியை நீக்க வேண்டும் என்றும், இலங்கைக்கு எட்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்றும் வகுக்கப்பட்டது. சலுகை கிடையாது என்று விலக்கிவைக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் இந்தியா 429 இனங்களையும் இலங்கை 1180 இனங்களையும் வைத்துக்கொண்டன. சிறிய நாட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கும் இந்த ஏற்பாடு நேர்மையானது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவுக்கான இலங்கையின் ஏற்றுமதி பன்மடங்கு பெருகி, 2005-ஆம் ஆண்டில் 50 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வளர்ச்சி எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் பிறப்பிட விதிகளின் சிக்கல் வெளிப்படுகிறது.

முதலில் விதியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நெல், மிளகு, தேங்காய் போல ஒரு நாட்டின் மண்ணில் விளைந்தவையும், அந்நாட்டுக் கடலில் பிடிக்கப்பட்டவையும் முழுமையாக அந்நாட்டுப் பொருள்கள். இவற்றில் கணக்குப் போட ஒன்றுமில்லை. வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு உருவாக்கப்படும் பொருள்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பொருளின் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி முடிக்கும் வரையிலான விலையில், குறைந்தது 35 விழுக்காடு உள்நாட்டில் கூட்டப்பட்ட மதிப்பாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. மூலப்பொருளும் முடிவுற்ற பொருளும் வெவ்வேறு சுங்கத் தலைப்பின்கீழ் வர வேண்டும் என்பது இரண்டாவது. உலகச் சுங்க அமைப்பு 1988 முதல் நடைமுறைப்படுத்திவரும் ஒத்திசைவுக் குறியீட்டு முறையில் உலகின் எல்லாச் சரக்குகளும் எண்களால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்களே தலைப்பு எனப்படுகின்றன. தலைப்பு மாறினால் பொருளின் தன்மையே மாறியதாகக் கொள்ளப்படும். பிரித்து அடுக்குவது, மேலுறை மாற்றுவது போன்ற எளிய வேலைகள் கணக்கில் வாரா. இந்திய மூலப்பொருளையே பயன்படுத்தி இலங்கையில் செய்த பொருளாயின், இரு நாட்டு மதிப்பும் சேர்ந்து 35 விழுக்காடு இருந்தால் போதும். அதில் இலங்கையின் பங்கு 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

இவ்விதிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் அவற்றின் தேவை விளங்கும். இரு நாடுகளும் தமக்குள் வரியை நீக்கிவிட்டு, மூன்றாம் நாடுகளுக்கு வெவ்வேறு வரியை வைத்திருக்கின்றன என்று கொள்வோமானால், உலகின் எந்தப் பொருளும் வரி குறைந்த நாட்டின் துறைமுகத்தில் இறங்கி, பெயர்ப்பலகை மாறி, வரி உயர்ந்த நாட்டுக்குள் சலுகையோடு நுழைந்துவிடும். அப்போது வரி உயர்ந்த நாட்டின் கொள்கையை வரி குறைந்த நாடே எழுதியதாக முடியும். பொதுச் சுங்க வரி கொண்ட ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சுங்க ஒன்றியங்களில், வெளியிலிருந்து வந்து வரி கட்டிய சரக்கு உள்ளே எங்குச் சென்றாலும் இத்தகைய சான்று தேவைப்படுவதில்லை; தத்தம் வரியைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு சலுகையை மட்டும் பரிமாறிக்கொள்ளும் நாடுகளுக்குப் பிறப்பிட விதி தவிர்க்க முடியாதது. எனவே சான்று கேட்பதே வணிகத்துக்குத் தடை என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. எத்தகைய சான்று, யாரிடம் கேட்கப்படுகிறது என்பதே ஆராய வேண்டியது.

வனஸ்பதியின் கதை இதற்கு முதற்சான்று. 2000-களின் தொடக்கத்தில் கச்சாப் பாமாயிலுக்கு இந்தியா மிக உயர்ந்த வரியை விதித்திருந்தது. இலங்கையின் வரி மிகவும் குறைவு. இந்த இடைவெளியைக் கண்ட இந்திய முதலீட்டாளர்களே இலங்கைக்குச் சென்று வனஸ்பதி ஆலைகளை நிறுவினர். தென்கிழக்காசியப் பாமாயில் இலங்கையில் இறங்கி, கெட்டிப்படுத்தப்பட்டு, வரியின்றி இந்தியச் சந்தைக்கு வந்தது. செம்பிலும் இதே வழி பின்பற்றப்பட்டது; வெளிநாட்டுச் செம்புக் கழிவு இலங்கையில் உருக்கப்பட்டு, கட்டிகளாக இந்தியாவுக்கு ஏற்றப்பட்டது. 2005-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வளர்ச்சியில் பெரும் பகுதி இந்த இரண்டு பொருள்களால் வந்ததுதான். இந்திய ஆலை முதலாளிகள் குரல் எழுப்பியதும், வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பாமாயிலுக்கான வரியை இந்தியா பின்னர்க் குறைத்தபோது அந்த ஆலைகள் நிற்பதற்கான காரணமே மறைந்துபோயிற்று. செம்பின் ஏற்றுமதியும் சரிந்தது. உண்மையான தொழில் வளர்ந்திருந்தால் வரி மாற்றம் ஒன்றால் அது இவ்வளவு எளிதில் மறைந்திருக்காது.

ஆயினும் இந்நிகழ்வை வெறும் மோசடி என்று ஒதுக்குவது ஆய்வாகாது. இவ்வாலைகளின் சரக்கு பிறப்பிடச் சான்றிதழோடுதான் வந்தது. அவற்றின் மதிப்புக்கூட்டல் 35 விழுக்காட்டை எட்டியதா என்பதே சர்ச்சையானது. இங்கேதான் விழுக்காட்டு விதியின் அடிப்படைக் கோளாறு புலப்படுகிறது. 70 ரூபாய்க்கு வாங்கிய செம்புக் கழிவை உருக்கி 100 ரூபாய்க்கு விற்பவரின் மதிப்புக்கூட்டல் 30 விழுக்காடுதான். அவர் சலுகைக்குத் தகுதியற்றவர். அவரே கழிவின் கொள்முதல் விலையை 60 என்று குறைத்துக் காட்டினாலோ, கட்டியின் விற்பனை விலையை 110 என்று கூட்டிக் காட்டினாலோ தகுதி பெற்றுவிடுகிறார். உலையிலும் உழைப்பிலும் ஒன்றும் மாறவில்லை, தாளில் மட்டுமே மாற்றம். சுங்கத் துறையின் விழிப்பு முழுவதும், வரியைக் குறைப்பதற்காக இறக்குமதியாளர் விலையைக் குறைத்துக் காட்டுகிறாரா என்பதன்மீதே காலங்காலமாகப் பழக்கப்பட்டது. சுழிய வரிச் சலுகையிலோ, விலையைக் கூட்டிக் காட்டுவதால் இறக்குமதியாளருக்குச் சுங்க வரியில் இழப்பு இல்லை. கூட்டிக் காட்டுவதே இலாபம். ஒரு திசையில் காவல் காக்கப் பழகிய துறையின் முதுகுப்புறமாகச் சரக்கு நுழைந்தது என்று இதனைச் சொல்லலாம். செம்புக்காவது லண்டன் உலோகச் சந்தையில் அன்றாடம் வெளியாகும் விலை ஓர் அளவுகோலாக உண்டு. அத்தகைய பொதுவிலை இல்லாத ஆயிரக்கணக்கான பொருள்களில் இரு தரப்பு விலைப்பட்டியலுக்கு அப்பால் அதிகாரிக்குப் பிடிமானம் ஏதும் இல்லை.

இதே கணக்கின் மறுபக்கம் இன்னும் வருத்தத்துக்குரியது. வெளிநாட்டு மூலப்பொருளை 64 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் நேர்மையான உற்பத்தியாளர் ஒருவர், வீணாகும் நேரத்தைக் குறைத்து, இயந்திரத்தைச் சீர்செய்து, தம் பொருளை 97 ரூபாய்க்குத் தர முன்வந்தால் அவருடைய மதிப்புக்கூட்டல் 34 விழுக்காடாகிவிடும். திறமைக்குக் கிடைக்கும் பரிசு சலுகை இழப்பு. நாணய மதிப்பு மாறும் காலத்தில் இந்த இடர் மிகும். 2022-இல் இலங்கை ரூபாய் டாலருக்கு ஏறத்தாழ 200 என்ற நிலையிலிருந்து 360 வரை வீழ்ந்தபோது, உள்ளூர்க் கூலியும் செலவும் டாலர் கணக்கில் சுருங்கின. அத்தகைய சூழலில் வெளிநாட்டுக் கொள்முதலாளர் விலைக்குறைப்புக் கேட்பது இயல்பு; விலை குறைந்தால் டாலரில் வாங்கிய மூலப்பொருளின் பங்கு உயர்ந்து, எல்லைக் கோட்டில் நிற்கும் பொருள் சலுகைக்கு வெளியே தள்ளப்படும். தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலையைத் தலைப்பு மாற்ற விதி அளக்கிறது; விழுக்காட்டு விதியோ சந்தையின் ஏற்ற இறக்கத்தை அளந்துவிட்டு, அதனை உழைப்பின் அளவாகக் கொள்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வேண்டும் என்று கேட்பதால், எளிதில் சரிபார்க்கத்தக்க விதியின் பயனையும் கடினமான விதி தின்றுவிடுகிறது. இரண்டில் ஒன்று போதும் என்று வைத்திருந்தால் சிறு உற்பத்தியாளர்கள் பலர் செலவுக் கணக்கு வாக்குமூலங்களிலிருந்து விடுபட்டிருப்பர்.

மிளகின் நிலை வேறு. மிளகு மண்ணில் விளைவது. அதற்கு விழுக்காடு இல்லை, கொடி எங்கே படர்ந்தது என்ற ஒரே கேள்விதான். ஒப்பந்தத்தின்கீழ் ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியின்றி இந்தியாவுக்கு வரலாம். அதற்கு மேற்பட்டது தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தின்கீழ் 8 விழுக்காடு வரியோடு வரலாம். அதே காலத்தில் வியட்நாம் மிளகுக்கு ஆசியான் ஒப்பந்தத்தின்கீழேயும் 50 விழுக்காட்டுக்கு மேல் வரி இருந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக வேடமிடத் தூண்டப்படுவதில் வியப்பில்லை. இரண்டையும் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அரிது. குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் விலைச்சரிவால் தவித்துக் குரல் எழுப்பியதைத் தொடர்ந்து, 2017 டிசம்பரில் இந்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அறிவித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதியையே தடைசெய்தது.

இந்நடவடிக்கை பிறப்பிட விதியின் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எனலாம். சான்றிதழை நம்ப முடியாததால் விலையைக் கொண்டு வேலி கட்டப்பட்டது. அந்த வேலிக்கு மாத்தளையில் உண்மையாகவே மிளகு வளர்த்த விவசாயியும், கொழும்பில் வேற்றுநாட்டு மிளகைச் சாக்கு மாற்றியவரும் ஒன்றுதான். இந்திய உள்நாட்டு விலையே 500 ரூபாய்க்கு வெகுகீழே சென்றபோது நேர்மையான இலங்கை மிளகுக்கும் கதவு அடைபட்டது. மறுபுறம், விலைப்பட்டியலில் 500 ரூபாய் என்று எழுதிவிட்டால் வேலியைத் தாண்டலாம் என்பதால், செம்பில் கண்ட அதே மிகைவிலை நோய் இங்கும் தொற்றுவதற்கு இடம் ஏற்பட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாத நடைமுறை, குற்றமற்றவரையும் சேர்த்துத் தண்டிப்பதன்மூலம் தன் குறையை மறைத்துக்கொள்கிறது.

சான்றிதழின் பயணத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இலங்கையில் வணிகத் திணைக்களமும் இந்தியாவில் ஏற்றுமதி ஆய்வு மன்றம் உள்ளிட்ட அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் இச்சான்றிதழை வழங்குகின்றன. கையெழுத்திடும் அதிகாரிகளின் மாதிரிக் கையொப்பமும் முத்திரையும் முன்கூட்டியே இரு நாடுகளுக்கிடையே பரிமாறப்பட்டிருக்கும். வந்திறங்கிய சரக்கின் சான்றிதழில் உள்ள கையொப்பம் அம்மாதிரியோடு பொருந்த வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரியின் மாதிரி வந்துசேரத் தாமதமானால், சரக்கு எவ்வளவு நேர்மையானதாயினும் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுகத்தில் டெமரேஜ் என்று வணிகர் சொல்லும் தாமதக் கட்டணமும், பெட்டகத்தைத் திருப்பித் தராததற்குக் கப்பல் நிறுவனம் வசூலிக்கும் தனிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். சான்றிதழுக்கான விண்ணப்பத்தை இந்தியா 2019 முதல் பொது மின்தளத்துக்கு மாற்றியிருப்பது நல்ல திருப்பம். ஆயினும் ஒரு நாட்டின் தளம் மறு நாட்டின் சுங்கக் கணினியோடு நேரடியாகப் பேசாதவரை, மின்னணுச் சான்றிதழும் அச்சிட்ட தாளின் வேலையையே செய்யும்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையில் சோழரின் சுங்க அலுவலர் சரக்கின்மீது புலி முத்திரை இட்ட செய்தியைப் பட்டினப்பாலை பதிவுசெய்திருக்கிறது. அந்த முத்திரை, அலுவலர் தம் கண்முன் கண்டு அளந்த பொருளுக்கு அரசு அளித்த உறுதி. இன்றைய பிறப்பிடச் சான்றிதழோ, சரக்கைப் பெறும் நாட்டின் அதிகாரி ஒருபோதும் பார்த்திராத தொழிற்சாலையில், அவர் பார்க்க முடியாத கணக்கேட்டைக் கொண்டு, வேறொரு நாட்டின் அதிகாரி அளிக்கும் உறுதி. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இம்முறையின் எல்லாச் சிக்கல்களுக்கும் ஊற்று. அந்தத் தொலைவை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் 2020-இல் இந்தியா ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது.

2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. அதனை ஒட்டி வகுக்கப்பட்டு, வணிகர்களிடையே ‘கரோட்டர்’ என்று வழங்கும் விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி, சலுகை கோரும் இறக்குமதியாளர் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. பொருள் எவ்வாறு உருவானது, எந்த நிபந்தனையால் தகுதி பெற்றது, அதில் அயல்நாட்டு உள்ளீடு எவ்வளவு என்ற விவரங்களைக் குறிப்பிட்ட படிவத்தில் தாமே வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலைநாள்களுக்குள் அளிக்க வேண்டும். விவரம் போதவில்லையெனில் சான்றிதழ் வழங்கிய நாட்டுக்குச் சரிபார்ப்புக் கோரிக்கை செல்லும். பதில் வரும்வரை, சலுகையால் குறையும் வரித்தொகைக்கு ஈடான பிணையைக் கட்டிவிட்டே சரக்கை எடுத்துச் செல்ல முடியும். ஓர் உற்பத்தியாளரின் பொருள் தகுதியற்றது என்று முடிவானால், அவரிடமிருந்து வரும் அதே வகைச் சரக்குக்கும் தனி விசாரணையின்றிச் சலுகையை மறுக்கலாம்.

இவ்விதிகளின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முன்பு இறக்குமதியாளர் ‘சான்றிதழ் அயல்நாட்டு அரசு தந்தது, எனக்கொன்றும் தெரியாது’ என்று விலகிக்கொள்ள முடிந்தது. சலுகையின் ஆதாயத்தைப் பெறுபவர் அவராக இருக்க, பொறுப்பு மட்டும் எவருக்கும் இல்லாமல் போயிற்று. புதிய விதி அந்த இடைவெளியை அடைத்தது. கொள்முதலுக்கு முன்பே விற்பவரிடம் கேள்வி கேட்கும் பழக்கத்தை வணிகரிடம் உண்டாக்கியதும் அதன் நற்பயனே. வனஸ்பதிக் காலத்தில் இத்தகைய விதி இருந்திருந்தால், உச்சவரம்பு என்னும் முரட்டுக் கருவியை எடுக்க வேண்டிய தேவை குறைந்திருக்கலாம்.

ஆனால் இவ்விதி தகவல் எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பை வைக்கவில்லை. செலவுக் கணக்கு ஏற்றுமதியாளரிடம் இருக்கிறது. அதனைத் தணிக்கை செய்யும் அதிகாரம் அவருடைய நாட்டு அரசிடம் இருக்கிறது. இரண்டும் இல்லாத மூன்றாமவரிடம் விடை கேட்கப்படுகிறது. மூலப்பொருளை என்ன விலைக்கு வாங்கினேன், எவ்வளவு இலாபம் வைத்தேன் என்பதைத் தம் வாடிக்கையாளரிடமே சொல்ல எந்த வணிகரும் விரும்பார். சொன்னால் அடுத்த முறை பேரத்தில் அவர் தோற்றுவிடுவார். வெளிநாட்டில் சொந்தக் கிளையோ துணை நிறுவனமோ வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கு இத்தகவல் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். தூத்துக்குடியிலோ சென்னையிலோ பத்துப் பெட்டகம் இறக்கும் நடுத்தர வணிகர், விற்பவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்க வேண்டும். அவருக்கு வங்கிப் பிணை கட்டுவதென்பது, புழங்க வேண்டிய முதல் பல மாதங்களுக்கு முடங்குவது. வேறோர் ஏற்றுமதிச் சரக்கில் அதே உற்பத்தியாளர் செய்த தவற்றுக்காகத் தம் சரக்கின் சலுகையும் பறிபோகலாம் என்பது, அவர் எவ்வளவு எச்சரிக்கையாக நடந்தாலும் தவிர்க்க முடியாத இடராகும். விதி எழுத்தில் எல்லாருக்கும் பொது. அதன் சுமை சிறியவர் தோளில்தான் அழுத்துகிறது.

இச்சுமை என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதைக் கணக்கிடுவது கடினமன்று. ஒப்பந்தச் சலுகை அடிப்படைச் சுங்க வரியையும் அதன்மீது கணக்கிடப்படும் கூடுதல் தீர்வையையும்தான் குறைக்கிறது; ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியைச் சலுகை பெற்றவரும் கட்டியே ஆக வேண்டும். அடிப்படை வரி 7.5 விழுக்காடாக உள்ள ஒரு பொருளில், சான்றிதழ்ச் செலவு, சுங்கத் தரகரின் கூலி, ஆவணப் பராமரிப்பு, பிணை முடக்கம், தாமதம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் வணிகர் பலர், சலுகையே வேண்டாம் என்று முழு வரியையும் கட்டிவிட்டுச் சரக்கை எடுத்துச் செல்வது இதனால்தான். பயன்படுத்தப்படாத சலுகை மோசடிக்கு இடம் தருவதில்லை. ஒப்பந்தத்துக்கு அர்த்தமும் தருவதில்லை. இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் செல்லும் சரக்கில் இவ்வொப்பந்தத்தைப் பயன்படுத்துவது சிறு பகுதியே. எரிபொருள் போன்றவை விலக்குப் பட்டியலில் இருப்பதும், வேறு பலவற்றுக்கு இலங்கையின் பொதுவரியே குறைவாக இருப்பதும் அதற்கு முதன்மைக் காரணங்கள்.

இலங்கைப் பக்கத்துக் குறைகளையும் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருசாய்வாகிவிடும். ஒப்பந்தம் சுங்க வரியை நீக்கினாலும், செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி ஆகியவற்றை இலங்கை தனியே விதிக்கிறது. எல்லையில், இறக்குமதிப் பொருளின்மீது மட்டும், சுங்கத் துறையாலேயே வசூலிக்கப்படும் வரிகள் பெயரில் மட்டும் சுங்க வரி அல்ல. துணைவரி என்று பொருளியலார் அழைக்கும் இவ்வகைத் தீர்வைகள், வாசலில் தந்த சலுகையைக் கூடத்தில் திரும்பப் பெறுவதற்கு ஒப்பானவை. கணினிமயமான ‘அசிகுடா’ முறையில் பதிவாகும் அறிவிப்புகளை இன்றும் 1869-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டமே ஆள்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இந்தியாவும் தொடக்க ஆண்டுகளில் இலங்கைத் தேயிலையையும் ஆயத்த ஆடையையும் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று கட்டுப்படுத்தியது; 80 லட்சம் ஆடைகளுக்குச் சலுகை தந்து, அவற்றில் 60 லட்சம் இந்தியத் துணியாலானவையாக இருக்க வேண்டும் என்றது. துறைமுகக் கட்டுப்பாடு பின்னர் நீக்கப்பட்டது. கையெழுத்திட்ட நாளில் தந்ததை நிபந்தனைகளால் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல.

ஒரே கடற்பரப்பில் பல ஒப்பந்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடப்பது இன்னொரு சிக்கல். பொருளியல் அறிஞர் ஜகதீஷ் பகவதி 1990-களில் இந்நிலையை இத்தாலிய உணவின் இழைகளோடு ஒப்பிட்டார். தமிழில் அதனை இடியாப்பச் சிக்கல் என்றால் உடனே விளங்கும். இருதரப்பு ஒப்பந்தத்தில் நான்கு இலக்கத் தலைப்பு மாற வேண்டும். இந்திய – ஆசியான் ஒப்பந்தத்தில் ஆறு இலக்கத் துணைத்தலைப்பு மாறினால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ், தனி விலக்குப் பட்டியல், தனிச் சரிபார்ப்புக் காலம். இவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்த சுங்கத் தரகரை அமர்த்துவதற்கு வசதியுள்ளவருக்கே சிக்கலின் நுனி அகப்படுகிறது.

மாற்று வழிகள் கற்பனையில் உள்ளவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் வளரும் நாடுகளுக்குத் தரும் வரிச்சலுகையில், 2017 முதல் படிப்படியாக, பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் தாமே பிறப்பிடத்தை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு அந்தப் பதிவும் தேவையில்லை. அச்சலுகைத் திட்டத்தின் கூடுதல் பிரிவான ஜி.எஸ்.பி. பிளஸில் 2017 மே மாதம் மீண்டும் இடம்பெற்ற இலங்கைக்கு இம்முறை புதிதன்று. தம் ஆடையை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது தம் சொல்லாலேயே பிறப்பிடத்தை உறுதிசெய்யும் ஏற்றுமதியாளர், பாக் நீரிணைக்கு இப்பால் அனுப்பும்போது அரசு முத்திரைக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆசியான் நாடுகளில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்தும் 2018 முதல் தம் சான்றிதழ்களைக் கணினியிலிருந்து கணினிக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கின. கையொப்ப மாதிரியை ஒப்பிடும் வேலை அங்கே இல்லாமற்போயிற்று. சுய அறிவிப்பு முறை எல்லா ஐயத்துக்கும் மருந்தன்று; மிளகு போல வரி இடைவெளி மிகுந்த பொருளில் அது பொய்க்குக் கதவைத் திறந்துவிடும். அத்தகைய சில பொருள்களுக்கு அரசின் கடும் சரிபார்ப்பை வைத்துக்கொண்டு, வரி இடைவெளி சிறிதாகவுள்ள மற்றவற்றை ஏற்றுமதியாளரின் பொறுப்பில் விடுவதே ஏற்ற வழி. இடர் எங்கே இருக்கிறது என்பதை இரு நாட்டு வரிப்பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே கண்டுகொள்ள முடியும். இந்தியாவும் 2024-இல் சட்டத்திலும் 2025-இல் கரோட்டர் விதிகளிலும் ‘பிறப்பிடச் சான்றிதழ்’ என்ற சொல்லை ‘பிறப்பிட ஆதாரம்’ என்று திருத்தி, சுய அறிவிப்பை ஏற்கும் ஒப்பந்தங்களுக்கு இடமளித்திருக்கிறது. இலங்கையோடு நடைபெற்றுவரும் விரிந்த பொருளாதார ஒப்பந்தப் பேச்சில் அந்தச் சொல்மாற்றத்துக்குப் பொருள் கிடைக்க வேண்டும்.

குறிப்பாகச் சிறு சரக்குக்கான விதிவிலக்கு உடனடித் தேவையாகும். ஆசியான் ஒப்பந்தத்தில் சான்றிதழின்றி வரத்தக்க சரக்கின் உச்சம் 200 டாலர். அத்தொகைக்குள் ஒரு சில மூட்டை மசாலாகூட அடங்காது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே பயணப் பெட்டியில் துணியும் மசாலாவும் பாத்திரமும் சுமந்து பிழைக்கும் ‘குருவி’கள் என்ற வணிக வகுப்பு பல பத்தாண்டுகளாக நிலைத்திருப்பதற்கு, சிறு சரக்குக்கு எளிய வழி இல்லாததும் ஒரு காரணம். ஒரு கடைக்காரர் பெட்டகமாக அல்லாமல் மூட்டையாக வாங்க விரும்பினால், முறையான வழியில் அவர் நிரப்ப வேண்டிய ஆவணங்கள் பெட்டகக்காரருக்கு உள்ளவையே. தரகர் கூலியும் ஏறத்தாழ அதுவே. எனவே அவர் குருவியை நாடுகிறார். குருவி தன் பயணச்சீட்டு, எடை வரம்பு, சோதனையில் சிக்கும் இடர் எல்லாவற்றையும் சரக்கின் விலையில் ஏற்றுகிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது இருகரைச் சிறு வணிகரும் அதன் பொதி வரம்பையே முதலில் விசாரித்திருப்பார்கள் என்று எண்ணுவது மிகையாகாது. பயணப் பொதியாகச் சென்றால் ஓரளவு அனுமதி, வணிகச் சரக்காகச் சென்றால் முழு ஆவணம் என்ற இரண்டுக்கும் இடையில், சில ஆயிரம் டாலர் வரையிலான சரக்குக்கு ஒரே தாளில் அறிவிப்பு என்னும் மூன்றாவது படி இவ்வொப்பந்தத்தில் இன்னும் கட்டப்படாமலே இருக்கிறது.